நிக்கல் விலையும் நம் வீட்டுத் தட்டும்

எவர்சில்வர் என்று தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் பாத்திரம் ஒரே உலோகத்தால் ஆனதல்ல. இரும்போடு குரோமியம், நிக்கல், மாங்கனீசு போன்றவை பல விகிதங்களில் சேர்ந்த கலவை அது. கலவையில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்ற கணக்கில் வரும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பாத்திரத்தின் மேல் சில நானோமீட்டர் கனமே உள்ள ஒரு படலமாகப் படிகிறது. நார் போட்டுத் தேய்த்தாலும் கரண்டி கீறினாலும் காற்றுப் பட்டவுடன் படலம் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். புளிக்குழம்பை இரவு முழுக்க வைத்திருந்தாலும் களிம்பு ஏறாததற்கு இதுவே காரணம்.

நிக்கலின் வேலை வேறு. தட்டையான ஒரு தகட்டை விரிசல் விடாமல் சொம்பாகவும் குடமாகவும் இழுக்க வேண்டுமானால் எஃகு இளக வேண்டும். அந்த இளக்கத்தைத் தருவது நிக்கல். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட கலவையைத்தான் வியாபாரிகள் 18/8 என்றும் 304 என்றும் சொல்கிறார்கள். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மாங்கனீசைச் சேர்த்துச் செய்யும் இன்னொரு வகையும் உண்டு. அது 200 வரிசை. கடையில் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பளபளப்பு, ஒரே கனம், தட்டினால் ஏறக்குறைய ஒரே ஓசை. அடக்க விலையில்தான் பெரிய இடைவெளி.

சமையல் பாத்திரங்களின் உலக வணிகத்தைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளிதான் வாசல். நாடுகளின் சுங்கத்துறைகள் பின்பற்றும் பொதுக் குறியீட்டில் இரும்பு, எஃகு வீட்டுப் பாத்திரங்களுக்கு 7323 என்ற எண். அதிலும் துருப்பிடிக்காத எஃகுக்கு 732393. செம்புக்கும் பித்தளைக்கும் 7418, அலுமினியத்துக்கு 7615. துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்கும்போது இந்த எண்ணும் எடையும் விலையும் பதிவாகும். உள்ளே இருக்கும் தட்டில் நிக்கல் எட்டு பங்கா, ஒரு பங்கா என்று அந்த எண் கேட்பதில்லை. வாங்குபவருக்குத் தெரியாத ஒன்றின் மேல்தான் நூறாண்டுக்கும் மேலாக இந்த வணிகத்தின் முத்திரைகளும் வரிகளும் தரச் சட்டங்களும் எழுந்திருக்கின்றன.

ஷெஃபீல்டின் முத்திரை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் கத்தி, கரண்டி செய்யும் ஊர்கள். ஷெஃபீல்டில் 1624இலேயே கத்தித் தொழிலாளர் சங்கம் சட்டப்படி அமைந்து, யார் எந்த முத்திரையைப் பொறிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து மலிவான கத்திகள் ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்துக்கொண்டே பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் இறங்கின. ஷெஃபீல்டுக்காரர்களின் முறையீடு நாடாளுமன்றம் வரை போயிற்று. 1887இல் வந்த வணிகக் குறிச் சட்டம் பொய்யான இடப்பெயர் தாங்கிய வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்தது. அதன் விளைவாக ஜெர்மானியச் சரக்கு 'ஜெர்மனியில் செய்தது' என்ற எழுத்தோடு வரத் தொடங்கியது. மட்டம் தட்டுவதற்கென்று வந்த அந்த வாசகம், ஜெர்மானியர் தரத்தை உயர்த்தியதால் சில பத்தாண்டுகளில் நற்சான்றாக மாறிவிட்டது. 1938இல் சோலிங்கனே தன் பெயரை மற்றவர் பயன்படுத்தாதபடி சட்டப் பாதுகாப்புத் தேடிக்கொண்டது.

துருப்பிடிக்காத எஃகு அடுக்களைக்கு வந்ததும் இதே ஷெஃபீல்டு வழியாகத்தான். துப்பாக்கிக் குழல்கள் உள்ளே தேய்ந்துபோவதைத் தடுக்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். ஆய்வுக்காக அதை அமிலத்தில் தோய்த்தபோது அரிப்பு ஏறவில்லை. துப்பாக்கிக்குப் பயன்பட்டதோ இல்லையோ, சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் பயன்படும் என்று அவருக்குப் பட்டது. காரணம் எளிது. அன்றைய கத்திகளில் எலுமிச்சையும் வினிகரும் பட்டால் கறை படியும்; ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் தேய்த்துத் துடைத்து வைக்க வேண்டும். ஊர்க் கத்திப் பட்டறைகள் முதலில் நம்பவில்லை. புதிய எஃகு அச்சுகளைக் கெடுக்கும் அளவுக்குக் கடினமாக இருந்தது. கூர் நிற்கவில்லை என்றும் சொன்னார்கள். மோஸ்லி என்பவரின் பட்டறையில் மேலாளராக இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் சூடேற்றும் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து நல்ல கத்தியாக அடித்துக் காட்டினார்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1912இல், ஜெர்மனியின் எசன் நகரில் குருப் ஆலையின் எடுவர்ட் மௌரரும் பென்னோ ஸ்ட்ராஸும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். கத்திக்குக் கடினம் வேண்டும். பாத்திரத்துக்கு இளக்கம் வேண்டும். பாத்திரத்தின் உண்மையான மூதாதை இந்த ஜெர்மானியக் கலவை. பிரியர்லிக்குப் பின் ஷெஃபீல்டு ஆய்வகப் பொறுப்பேற்ற வில்லியம் ஹாட்ஃபீல்டு 1924இல் 18/8 விகிதத்தை நிலைப்படுத்தினார். உலகின் நல்ல பாத்திரங்கள் நூறு ஆண்டுகளாக அந்த விகிதத்தை விட்டு அதிகம் விலகவில்லை.

இந்த எஃகுக்கு ஒரு குறை உண்டு. வெப்பத்தை அது சீராகப் பரப்பாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அதன் வெப்பக் கடத்தல் பதினைந்தில் ஒரு பங்குதான். செம்போடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. பால் அடிப்பிடிப்பதும் பாயசம் ஓரிடத்தில் மட்டும் கருகுவதும் அதனால்தான். அமெரிக்காவின் ரிவியர் நிறுவனம் 1939இல் எஃகுப் பாத்திரத்தின் அடியில் செம்பு பூசி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் செம்பு அடிப் பாத்திரங்களும், எஃகு–அலுமினியம்–எஃகு என மூன்று அடுக்காக ஒட்டிச் செய்யும் டிரைபிளை வாணலிகளும் அந்த யோசனையின் தொடர்ச்சி.

ஆணி அடித்த ஊரின் கரண்டி

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் சுபாமே என்ற ஊர் பல தலைமுறைகளாகக் கை ஆணி அடித்துப் பிழைத்தது. மேற்கத்திய இயந்திர ஆணி வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்தபோது, செம்பு வேலை தெரிந்த அதே கைகள் 1910களில் மேற்கத்தியக் கரண்டி, முள்கரண்டிக்கு மாறின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுபாமேயின் எஃகுக் கரண்டிகள் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. அமெரிக்கக் கரண்டி ஆலைகள் தாங்கவில்லை. 1959 நவம்பரில் ஐசனோவர் அரசு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வரும் எஃகுக் கரண்டிகளுக்குக் கூடுதல் தீர்வை விதித்தது. கரண்டி போன்ற சிறு பொருளுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவரே ஆணையிட நேர்ந்ததே அந்த ஊரின் உழைப்பு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்குச் சான்று. 1985க்குப் பின் யென்னின் மதிப்பு ஏறியதும் மலிவுச் சரக்கு கொரியாவுக்கும் பிறகு சீனாவுக்கும் போயிற்று. மெருகேற்றும் கைத்திறனை விடாமல் வைத்திருந்த சுபாமே விலை உயர்ந்த சரக்குக்கு மாறிக்கொண்டது. 1991 முதல் நோபல் பரிசு விருந்தின் மேசைக் கரண்டிகள் அங்கே செய்யப்பட்டவையே.

ஒரு ஊர் ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குத் தாவிப் பிழைப்பதும், வாங்கும் நாடு வரிச்சுவர் எழுப்புவதும், மலிவு வேலை அடுத்த நாட்டுக்கு நகர்வதும் இந்த வணிகத்தில் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஆனால் எங்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

பித்தளையிலிருந்து சர்க்கிளுக்கு

இந்திய அடுக்களைகளில் எஃகு வருவதற்கு முன் இருந்தவை மண், கல், பித்தளை, வெண்கலம். அவையும் உள்ளூரோடு நின்றுவிடவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த சமையல் செய்ய உள்ளே ஈயம் பூச வேண்டும். தெருவில் ஈயம் பூசுகிறவர் உருக்கி ஊற்றிய வெள்ளீயத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே பெரிய ஊற்று மலாயாச் சுரங்கங்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் சுவீடனில் செய்த எனாமல் அடுக்குகள் கிடைக்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்த குடும்பங்கள் வீட்டுக்குச் சேர்த்தவை அவை.

சுதந்திரத்துக்குப் பின் எவர்சில்வர் மெல்ல உள்ளே வந்தது. தகடு இறக்குமதியாக வேண்டியிருந்தது. உரிமமும் உயர்ந்த தீர்வையும் சேர்ந்து அதை அரிய பொருளாக்கின. ஒரு எவர்சில்வர் குடம் சீர்வரிசையில் இருந்தால் அது பேசப்பட்டது. பெயரும் தேதியும் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் பித்தளையிலிருந்து எஃகுக்கும் தொடர்ந்தது. ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்பது பெண்களின் கைகளிலிருந்து அன்றாட உழைப்பில் ஒரு பெரும்பகுதியைக் குறைத்தது. எஃகுப் பாத்திரத்தின் வெற்றிக்கு விளம்பரத்தைவிட இது பெரிய காரணம். பாத்திரக் கடைகளின் கணக்குப் புத்தகங்களில் தெரியாத லாபம் அது.

சேலம் இரும்பாலைக்கு 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்புத் தாதை நம்பி எழுந்த நெடுநாள் கோரிக்கை அது. கடைசியில் அங்கே அமைந்தது இரும்பு உருக்கும் உலையல்ல. சூட்டில் உருட்டிய துருப்பிடிக்காத எஃகுச் சுருளை வெளியிலிருந்து வாங்கி, குளிர்நிலையில் மெல்லிய தகடாக உருட்டும் ஆலை. 1981இல் ஆண்டுக்கு 32,000 டன் திறனோடு தொடங்கியது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் பாத்திரக் கடைகளில் தரத்துக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது. பின்னாளில் நாணயங்களுக்கான வெற்று வட்டுகளும் அங்கே வெட்டப்பட்டன.

திருப்பூர் அருகே அனுப்பர்பாளையம் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குப் பெயர்போன ஊர். எவர்சில்வர் வந்ததும் அதையும் கற்றுக்கொண்டது. இத்தகைய பட்டறைகளில் வேலை தொடங்குவது சர்க்கிள் எனப்படும் வட்டத் தகட்டிலிருந்து. அச்சின் மேல் அதை வைத்து அழுத்த இயந்திரம் ஒரே இழுப்பில் கிண்ணமாக்கும். ஆழமான பாத்திரமானால் இரண்டு மூன்று இழுப்பு வேண்டும். இடையில் உலையில் காய்ச்சி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கிழியும். பிறகு விளிம்பை மடித்துச் சுருட்டுவார்கள். மெருகேற்றும் சக்கரத்தில் பாத்திரத்தை இரு கைகளாலும் பிடித்து அழுத்துபவரின் முகமும் சட்டையும் சில நிமிடங்களில் கருத்துவிடும். துணிச் சக்கரத்திலிருந்து பறக்கும் பொடி அது. தகட்டின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும். கடையில் வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்துக் கனத்தை உணர முடியும். கலவையை உணர முடியாது.

பாத்திரத்துக்கு ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பழைய துணி கொடுத்தால் பாத்திரம் தரும் பெண் வியாபாரிகள் பல இந்திய நகரங்களில் தெருத் தெருவாக வந்தார்கள். டெல்லியின் ரகுபீர் நகரில் அவர்கள் சேர்த்த துணிகளுக்கென்றே விடியற்காலைச் சந்தை கூடுகிறது. பட்டுச் சேலைக்கு ஒரு அடுக்கு, நான்கு சட்டைக்கு ஒரு கிண்ணம் என்று வாசற்படியில் நடக்கும் அந்தப் பேரத்தில், ரொக்கம் கையில் இல்லாத வீட்டிலும் புதுப் பாத்திரம் நுழைந்தது.

எட்டு பங்கும் ஒரு பங்கும்

ஒரு கிலோ 304 எஃகில் 80 கிராம் நிக்கல் இருக்கிறது. நிக்கல் டன்னுக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அந்த 80 கிராமின் விலை 1.6 டாலர். 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை சில மணி நேரத்தில் டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டியது. ரஷ்யா–உக்ரைன் போரால் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த சந்தையில், விலை இறங்கும் என்று பெருந்தொகையைப் பணயம் வைத்திருந்த சீனாவின் சிங்ஷான் நிறுவனம் சிக்கிக்கொண்டதே இந்தத் தாவலுக்கு முக்கியக் காரணம். அந்த விலையில் கணக்கிட்டால் ஒரு கிலோ பாத்திரத்தின் நிக்கல் மட்டும் 8 டாலர். சந்தை அன்றைய வர்த்தகத்தை ரத்து செய்து, நிக்கல் வணிகத்தையே ஒரு வாரம் நிறுத்தியது. பாத்திரத்தை எடைக்கு விற்கும் நம் ஊர்க் கடைக்காரர், லண்டனின் அந்தத் திரையை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதன் விலைக்குக் கட்டுப்பட்டவர்.

இந்தியாவுக்கு இது புதிய தலைவலியல்ல. நிக்கல் தாது இங்கே வணிக அளவில் வெட்டப்படவில்லை. மாங்கனீசும் குரோமியத் தாதும் தாராளம். அதனால் நிக்கலை ஒரு சதவீதத்துக்கு அருகில் குறைத்து, மாங்கனீசும் செம்பும் சேர்த்த கலவைகள் இந்திய ஆலைகளில் வளர்ந்தன. ஜிந்தால் ஆலையின் ஜே4 இதில் பெயர்பெற்றது. இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. சாதம் பரிமாறும் தட்டுக்கும் தண்ணீர் டம்ளருக்கும் உலர் பொருள் டப்பாவுக்கும் அது போதும். சாதாரண வருமானக் குடும்பத்துக்கு எவர்சில்வரை எட்டச் செய்தது இந்தக் கலவைதான். உப்பும் புளிப்பும் நெடுநேரம் தங்கும் பாத்திரத்தில்தான் வேறுபாடு தெரியும். குளிர்ந்த நீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்காமல் விட்டால், அடியில் உப்பு படிந்த இடங்களில் குளோரைடு படலத்தைத் துளைத்து ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். 304 பாத்திரமும் இதற்கு முழுக்கத் தப்பாது. குரோமியமும் நிக்கலும் குறைந்த வகையில் அந்தக் குழிகள் சீக்கிரம் வரும், பழுப்பாகக் கறை கட்டும். ஊறுகாய் வைக்கும் பாத்திரம் எந்த வகை என்று தெரிந்து வாங்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அந்த உரிமை இல்லை என்பதுதான் குறை.

உலக நிக்கலின் நிலவரத்தை மாற்றியது இந்தோனேசியா. 2014இல் ஒருமுறையும், இடையில் தளர்த்திவிட்டு 2020 ஜனவரியில் மறுபடியும், சுத்திகரிக்காத நிக்கல் தாதின் ஏற்றுமதிக்கு அந்நாடு தடை போட்டது. தாது வேண்டுமானால் இங்கே வந்து ஆலை கட்டு என்பதே அதன் பொருள். சீன நிறுவனங்கள் சுலவேசித் தீவின் மொரோவாலியில் உலைகளும் எஃகு ஆலைகளும் கட்டின. இன்று உலகில் வெட்டப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவுடையது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 2022இல் சாதகமான தீர்ப்பும் பெற்றது, தடை நீங்கவில்லை. தாதாகப் போனதைத் தகடாக விற்க வேண்டும் என்ற அந்த முடிவில் நியாயம் உண்டு. நிலக்கரியில் ஓடும் அந்த உலைகளின் புகையையும், அழிந்த காடுகளையும், கலங்கிய கடற்கரையையும் சுமப்பது சுலவேசி மக்கள்.

ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். இந்தியாவின் குரோமியத் தாது ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்தே வருகிறது. சுரங்கக் கழிவிலிருந்து கசியும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 2007இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் சுகிந்தாவும் இருந்தது. பாத்திரத்தைக் கறை படியாமல் காக்கும் அதே உலோகம், வெட்டியெடுக்கும் இடத்தில் கிணற்று நீரைக் கெடுக்கிறது.

சீனச் சந்தையும் காலிப் பாத்திரமும்

2023இல் உலகம் உருக்கிய துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 5.8 கோடி டன். அதில் 60 சதவீதத்துக்கும் மேல் சீனாவில். இந்தியா மிகவும் பின்தங்கி நிற்கிறது. வீட்டுப் பொருள்களில் சீனாவின் பலம் எஃகில் மட்டும் இல்லை. ஊருக்கு ஒரு தொழில் என்று சேர்ந்து வளர்ந்ததில் இருக்கிறது. குவாங்டோங்கின் சாவோசோவில் பீங்கானும் எஃகுப் பாத்திரமும், யாங்ஜியாங்கில் கத்தியும் கத்தரியும், செஜியாங்கின் யோங்காங்கில் வெப்பக் குடுவையும் வாணலியும். அச்சு செய்பவர், கைப்பிடி வார்ப்பவர், அட்டைப்பெட்டி அச்சிடுபவர் எல்லோரும் ஒரே ஊரில் என்றால், காலையில் கேட்ட மாற்றத்தோடு மாலையில் மாதிரி தயாராகிவிடும். இந்தியப் பட்டறைகள் தோற்பது பெரும்பாலும் இந்த வேகத்தில்தான், கூலியில் அல்ல.

செஜியாங்கின் யீவு இந்தச் சரக்கெல்லாம் கூடும் இடம். மண்ணில் வளமில்லாத அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் வெல்லக்கட்டியைச் சுமந்துபோய், அதைக் கொடுத்துக் கோழி இறகு வாங்கி வந்தார்கள். இறகு உரத்துக்கும் தூசு தட்டிக்கும் ஆகும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்த நம் ஊர்ப் பெண்களின் வியாபாரம் அப்படியே நின்றது. யீவுக்காரர்களுக்கு 1982இல் உள்ளூர் நிர்வாகம் சந்தை போட அனுமதித்தது. இன்று அங்குள்ள பன்னாட்டு வணிக நகரில் ஏறத்தாழ 75,000 கடைகள். 2014 நவம்பரில் அங்கிருந்து மத்ரீதுக்கு முதல் சரக்கு ரயில் புறப்பட்டு, ஏறத்தாழ 13,000 கிலோமீட்டரை மூன்று வாரத்தில் கடந்தது. நிர்வாகம் சிறு வியாபாரியின் குறுக்கே நிற்காமல் இடம் கொடுத்தால் எதுவரை போகலாம் என்பதற்கு யீவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பெருவாங்குநர்கள் 1957 முதல் நடக்கும் குவாங்சோ கண்காட்சிக்கும், ஆண்டுதோறும் ஃபிராங்ஃபர்ட்டில் கூடும் ஆம்பியன்டே கண்காட்சிக்கும் போகிறார்கள். அங்கே பேசப்படுவதில் பாதி கப்பல் செலவைப் பற்றியது. பாத்திரம் என்பது பெரும்பாலும் உள்ளே வெற்றிடம். நாற்பது அடிப் பெட்டியில் குக்கர்களை அப்படியே அடுக்கினால் எடை ஏறுவதற்குள் இடம் நிறைந்துவிடும். கட்டணம் காற்றுக்குப் போகும். அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று அமரும் அடுக்குகள், கழற்றி மாட்டும் கைப்பிடிகள், சற்றே சாய்ந்த சுவருள்ள டம்ளர்கள் ஏற்றுமதியாளருக்குப் பிடிக்கும். ட்ரூரி நிறுவனத்தின் கூட்டுக் குறியீட்டின்படி பெருந்தொற்றுக்கு முன் சராசரியாக 1,420 டாலராக இருந்த ஒரு பெட்டியின் கட்டணம், 2021 செப்டம்பரில் 10,377 டாலருக்குப் போயிற்று. ஒன்றுக்குள் ஒன்று அமராத பாத்திரங்களைச் செய்தவர்கள் அந்த ஆண்டு நொந்துபோனார்கள்.

இந்தியாவின் ஏற்றுமதிப் பாத்திர ஊர்களில் மொராதாபாத் பித்தளையால் பெயர் பெற்று, இப்போது எஃகு, அலுமினியம், கண்ணாடி எல்லாவற்றையும் அனுப்புகிறது. அரியானாவின் ஜகாத்ரியும் பழைய பித்தளை ஊர்தான். டெல்லியின் வசீர்பூரில் வேலை வேறுவிதம். பழைய எஃகுத் துண்டுகளை உருக்கிய கட்டிகளைச் செஞ்சூட்டில் உருட்டித் தகடாக்கி, அமிலத் தொட்டியில் முக்கிக் கழுவி, பாத்திரப் பட்டறைகளுக்கு அனுப்புகிறார்கள். செந்தணலாக வரும் தகட்டை இடுக்கியால் பிடித்து மறுபடி உருளைக்குள் செலுத்தும் தொழிலாளிக்குச் சற்றுக் கை பிசகினால் தீக்காயம் நிச்சயம். 2014 ஜூனில் அங்குள்ள சூட்டு உருட்டாலைத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் சட்டப்படியான பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலிவுத் தட்டின் விலையில் அவர்களுடைய பாதுகாப்புக்கு இடம் வைக்கப்படவில்லை. வைத்தால் ஒரு தட்டுக்கு எவ்வளவு கூடும் என்ற கணக்கை வணிகம் போட்டுப் பார்த்ததும் இல்லை.

காந்தம் சொல்லாதது

எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டினால் போலி என்று முடிவு கட்டுவார்கள். அது தவறு. நிக்கல் நிறைந்த 304இலும் பொதுவாக ஒட்டாது; மாங்கனீசு நிறைந்த 200 வரிசையிலும் பொதுவாக ஒட்டாது. எந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டுமோ அவற்றுக்கிடையே காந்தம் வாய் திறப்பதில்லை. நிக்கலே இல்லாமல் குரோமியம் மட்டும் 16 முதல் 18 சதவீதம் உள்ள 430 வகையில் நன்றாக ஒட்டும். அதுவும் முறையான துருப்பிடிக்காத எஃகுதான். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் அந்த வகையைத்தான் சேர்க்கிறார்கள்.

கலவை தெரியாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அலுமினியம் காட்டியது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து குடியேறிய குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. காரணம் தேடிய கிங் மாவட்டச் சுகாதாரப் பணியாளர்கள், வீட்டில் இருந்த அலுமினியச் சமையல் பாத்திரங்களில் அது இருப்பதைக் கண்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 2024இல் பாத்திரக் காரீயத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில சமையல் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட கலவைகளில் நம் வீடுகளில் இண்டாலியம் என வழங்கும் வகையும் ஒன்று. எல்லா இண்டாலியமும் நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பழைய உலோகத்தை உருக்கிச் செய்தார்கள் என்று தெரியாத பாத்திரத்தில் சமைக்கக் கூடாது என்பதுதான் பொருள்.

இந்திய அரசு 2024 மார்ச் 14 தேதியிட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணையால் எஃகு, அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. எஃகுக்கு ஐஎஸ் 14756, அலுமினியத்துக்கு ஐஎஸ் 1660 என்ற தரநிலைகள். வெப்பக் குடுவைகளுக்கு இதற்கு முன்பே ஆணை வந்திருந்தது. இறக்குமதிச் சரக்குக்கும் இது பொருந்துவதால் மலிவுக் குடுவைகளின் வரத்துக்கு இது ஒரு தடையும் ஆகிறது. இத்தகைய ஆணைகளில் சிறு, குறு பட்டறைகளுக்குக் கூடுதல் அவகாசம் தருவது வழக்கம். அனுப்பர்பாளையம் போன்ற ஊர்களில் நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குச் சோதனைக்கூடச் செலவும் உரிமக் கட்டணமும் எளிதல்ல. பொதுச் சோதனைக்கூடத்தை அரசே ஊருக்கு ஒன்றாக அமைத்துத் தராவிட்டால், தரம் காக்க வந்த ஆணை பெரிய ஆலைகளுக்கு மட்டும் உதவும்.

வெளிச்சந்தையும் நிலையாக இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை விதித்தபோது, அந்நாட்டை நம்பியிருந்த மொராதாபாத்தில் ஆர்டர்கள் நின்றன. கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கு கப்பலேறும் பருவம் அது.

கலவையை அறியும் வழி இல்லாமலில்லை. ஏற்றுமதிச் சோதகர்களும் பெரிய பழைய இரும்பு வியாபாரிகளும் கையில் பிடிக்கும் எக்ஸ்கதிர்க் கருவியைத் தகட்டின் மேல் வைத்தால் சில நொடிகளில் குரோமியம் இத்தனை, நிக்கல் இத்தனை என்று திரையில் வரும். அதன் விலை பல லட்சம் ரூபாய். சிறு வியாபாரிகளிடம் இருப்பது ஒரு சிறு புட்டிக் கரைசலும் பேட்டரியும். தகட்டில் ஒரு சொட்டு விட்டு மின்சாரம் கொடுக்க, சொட்டு சிவந்தால் மாங்கனீசு மிகுந்த வகை. பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்குபவர் இப்படிப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். புதுப் பாத்திரம் வாங்குபவருக்குத் தற்போது கையில் இருப்பவை இரண்டு. ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் அது உண்மையானதா, யாருக்குத் தரப்பட்டது என்று தெரிந்துவிடும். 304 என்று சொல்லி விற்கும் கடைக்காரரிடம், 304 என்பதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.